இன்னும் ஒரு வாய்

காரைக்காலில் நம் வீடுகளுக்கு விருந்தாளியாகச் செல்லும் எவரும் ஒரு சொல்லைக் கேளாமல் திரும்பியதில்லை. “இன்னும் ஒரு வாய்” என்பதே அச்சொல். வயிறு நிறைந்துவிட்டது என்று கையை எடுத்தவரின் முன்னால் அகப்பை நீளும். அவர் சொல்லும் “போதும்” என்பது கூச்சத்தால் வந்த சொல்லாகவே கொள்ளப்படும். அன்பின் மிகுதியால் எழும் இவ்வழைப்பைக் குறை கூற எவருக்கும் மனம் வராது. எனக்கும் நெடுநாள் வந்ததில்லை. ஆயினும், கிதாபுகளைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஐம்பது வயதையும் கடந்துவிட்ட நான், சில ஆண்டுகளாக இச்சொல்லைப் பற்றி ஒரு கேள்வியை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வருகிறேன். உடலின் எடையைக் குறைத்தே ஆகவேண்டிய நிலையில் உள்ள ஒருவர் அளவுக்கு மேல் உண்டுவிட்டால், அதற்குப் பொறுப்பாளி யார்? உண்டவர் மட்டுமா? ஊட்டியவருக்கும் அதில் பங்குண்டா?

உணவைக் குறைப்பதும் உடலை இளைக்கச் செய்வதும் மருத்துவர்கள் பேசவேண்டிய விஷயம்; இதில் ஆலிமுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வைத்தியம் அவர்களுடையதே. ஆனால் ஒருவர் தட்டில் மற்றொருவர் எதை, எவ்வளவு, எப்படி வைக்கலாம் என்பது ஒழுக்கத்தைச் சார்ந்த கேள்வி. நம் முன்னோர்கள் இதற்கென்றே தனி அத்தியாயங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் பிரதேசத்தின் நிலை

முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இணைந்து, 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பரிசோதித்து, அதன் முடிவுகளை 2023 ஜூன் மாதத்தில் வெளியிட்டன. உடற்பருமன் உள்ளவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 28.6 பேர், புதுச்சேரி யூனியன் பிரதேசத்திலோ 53.3 பேர். வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேர்ந்தவர்கள் நாட்டில் 39.5 பேர், நம் பிரதேசத்தில் 61.2 பேர். இவ்விரண்டிலும் இந்தியாவிலேயே முதலிடம் நமக்குத்தான். நீரிழிவு நாட்டில் நூற்றுக்கு 11.4 பேருக்கு; இங்கே 26.3 பேருக்கு. கோவா ஒன்றுதான் மயிரிழையில் நமக்கு முன்னால் நிற்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வோ, இப்பிரதேசத்துப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 46 பேர் தேவைக்கு மேற்பட்ட எடை உடையவர்கள் என்று கூறுகிறது.

இவை பிரதேசம் முழுமைக்கும் எடுக்கப்பட்ட கணக்குகள். காரைக்கால் அப்பிரதேசத்தின் ஒரு மாவட்டமே. எனினும் ஒரு கலியாணத்தில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நால்வரில் ஒருவருக்காவது சர்க்கரை நோய் இருக்கிறது என்பதை அறிய நமக்கு ஆய்வு தேவையில்லை. சாப்பாடு முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து வெளிவரும் மாத்திரை அட்டைகளே அதைச் சொல்லிவிடும்.

என் லாத்தாவின் கதை

இக்கேள்வி என்னுள் எழுந்ததற்கு என் மூத்த சகோதரிதான் காரணம். லாத்தாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. எடையைக் குறைத்தால் மருந்தையும் குறைக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எங்கள் வீட்டிலேயே மிகுந்த மனவுறுதி படைத்தவர் அவர். தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார். சோற்றை ஒரு கிண்ணமாக்கி, அதன் பக்கத்தில் இரண்டு கிண்ணம் கீரையும் அவரைக்காயும் வைத்துக்கொண்டார். பஜ்ர் தொழுகைக்குப் பின் மாடியிலேயே நடந்தார். ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தது. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்ததை நான் கண்டேன்.

அப்போதுதான் என் மகளின் கலியாணம் வந்தது. விருந்து முடியும் நேரத்தில், பெண்கள் பக்கம் சென்ற நான் லாத்தாவின் தட்டில் இனிப்பு இல்லாததைக் கண்டேன். ஒரு துண்டு வட்டலப்பத்தை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். “வேணாம் தம்பி, இப்பதான் ஒரு கட்டுக்குள்ள வந்திருக்கு” என்றார். “என் மகள் கலியாணம் லாத்தா. என் கையால ஒரு வாய் சாப்பிடலேன்னா நான் உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சத்தியம் செய்தேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். லாத்தா வாயைத் திறந்தார். எனக்குப் பின்னால் மாமி ஒரு வாய் ஊட்டினார். சம்பந்தி வீட்டார் ஒரு வாய் ஊட்டினார்கள். அதன்பின் மறுவீடு, அழைப்பு விருந்து என்று ஒன்றரை மாதம் ஓடியது.

அடுத்த ரமலானில் பார்த்தபோது லாத்தா பழையபடி பருத்திருந்தார். “என்ன லாத்தா, விட்டுட்டீங்களா?” என்று கேட்டேன். “விட்டுட்டேன் தம்பி. என் பசியை அடக்கிக்க முடிஞ்சிச்சு. வேணாம்னு சொல்லச் சொல்ல எல்லார் முகமும் வாடுதே, அதைப் பாக்கத்தான் முடியலே” என்றார். இரண்டாண்டுகள் கழித்துக் காலில் ஒரு புண் ஆறாமல் போய் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மறு ஆண்டு அவர் வபாத்தானார்.

ஒரு துண்டு வட்டலப்பம் யாரையும் கொல்வதில்லை. ஆயுளின் தவணை அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆயினும் அவர் பெரும்பாடுபட்டுப் போட்ட வரப்பில் முதல் மண்வெட்டியைப் போட்ட கை என்னுடையது என்பதை நான் எப்படி மறப்பேன்? அன்று நான் ஊட்டியது அன்பு என்றே நினைத்தேன். என் கௌரவத்தை அவர் வாயில் வைத்தேன் என்பது பின்னர்தான் விளங்கியது.

பசியாறிய பின்னும்

நாம் இப்படி வற்புறுத்துவதற்கு ஒரு நியாயமான வரலாறு உண்டு. காலை உணவுக்குப் ‘பசியாறுதல்’ என்றே பெயரிட்ட சமுதாயம் நம்முடையது. பசி அத்தனை உண்மையாக இருந்த காலத்தில் பிறந்த சொல் அது. நெல் விளையும் காவிரிக் கழிமுகத்தில் வாழ்ந்தும், அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்களை எங்கள் உம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1967இல் அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே ஓர் ஆட்சியை மாற்றும் தேர்தல் முழக்கமாயிற்று. அக்காலத்தில் கூச்சப்பட்டுக் கையை எடுத்த விருந்தாளி உண்மையில் பசியோடிருக்கக் கூடும். ஆகவே “இன்னும் ஒரு வாய்” என்று வற்புறுத்தியது அவர் மானத்தைக் காத்து வயிற்றை நிரப்பிய கருணை.

பின்னர் சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளும் பிரான்சும் நம் வீடுகளுக்குப் பொருளைக் கொண்டுவந்தன. பெருநாளைக்கு மட்டும் கண்ட நெய்ச்சோறு வாராவாரம் வந்தது. மாலைதோறும் வாடாவும் சமூசாவும், இரவுதோறும் பரோட்டாவும் வந்தன. காலால் நடந்த தெருக்களில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. எல்லாம் மாறிய பின்பும் பஞ்ச காலத்து வற்புறுத்தல் மட்டும் மாறவில்லை. பசித்தவனுக்கு ஊட்டுவது தர்மம். பசியாறியவனுக்கு ஊட்டுவது எப்படித் தர்மமாகும் என்று நாம் நின்று யோசிக்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி சொன்ன இரண்டு பாடங்கள்

உணவைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தால், மிம்பரிலும் வீட்டிலும் நாம் உண்பவனுக்கே உபதேசம் செய்கிறோம். நப்ஸை அடக்கு, நாவைக் கட்டு என்கிறோம். அது சரியான உபதேசமே. வயிற்றைவிடத் தீய பாத்திரம் எதையும் மனிதன் நிரப்புவதில்லை என்றும், முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேலும் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் ஆகட்டும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அறிவிக்கிறார்கள். திர்மிதியில் பதிவான ஹதீஸ் இது. தமிழ்மறை தந்த வள்ளுவரும் ‘மருந்து’ என்று பெயரிட்ட 95ஆம் அதிகாரத்தில், மருந்தைக் காட்டிலும் உணவின் அளவையே விரிவாகப் பேசுகிறார். முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்பது அவர் துணிபு.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யாவு உலூமித்தீன்’ என்னும் பெருநூலிலும் வயிற்றின் ஆசையை முறியடிப்பது பற்றித் தனிப் பாகம் ஒன்று உண்டு. அது நூலின் மூன்றாம் கால் பகுதியில், மனிதனை அழிக்கும் குணங்களின் வரிசையில் வருகிறது. அப்பாடத்தை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். ஆனால் அதற்கு முன்பே, இரண்டாம் கால் பகுதியின் தொடக்கத்தில், உண்ணும் ஒழுக்கங்களைப் பற்றி இமாமவர்கள் மற்றொரு பாகம் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்பவனுக்கும் ஊட்டுபவனுக்கும் சேர்த்தே சட்டம் சொல்கிறார்கள். உடன் உண்பவர் குறைவாக உண்டால் அவருக்கு உற்சாகமூட்டி உண்ணச் சொல்லலாம். ஆனால் “உண்ணுங்கள்” என்பதை மூன்று முறைக்கு மேல் சொல்லலாகாது. அதைத் தாண்டினால் நச்சரிப்பும் வரம்பு மீறலும் ஆகும் என்கிறார்கள். உண்ணும்படி சத்தியம் செய்து கட்டாயப்படுத்துவதோ தடுக்கப்பட்டது என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லி, சத்தியம் செய்யத் தக்க அளவுக்கு உணவு பெரிய விஷயமன்று என்ற கருத்தில் இமாம் ஹஸன் (ரலி) அவர்களின் கூற்றையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இப்பகுதியை நான் பலமுறை பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறேன். என் லாத்தாவின் வாயருகே வட்டலப்பத்தை நீட்டிச் சத்தியம் செய்த அன்று இது என் நினைவுக்கு வரவில்லை. கிதாபில் படித்தது கையில் இறங்காதிருந்தது. கற்றும் பயனடையாமல் போவது இதுதான் போலும்!

எழக்கூடிய ஒரு மறுப்பு

மார்க்கமறிந்த ஒருவர் இங்கே ஒரு மறுப்பைச் சொல்லலாம். அதே கஸ்ஸாலி இமாமவர்கள், விருந்துக்கு அழைக்கப்பட்டவர் நபில் நோன்பு நோற்றிருந்தாலும் செல்ல வேண்டும் என்றும், தான் உண்பது சகோதரனை மகிழ்விக்குமானால் அம்மகிழ்ச்சியை நிய்யத்தாகக் கொண்டு நோன்பைத் திறந்துவிடலாம் என்றும் கூறவில்லையா? அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்கு ஸல்மான் பாரிஸீ (ரலி) அவர்கள் சென்றபோது, வீட்டுக்காரர் நோன்பிருக்கிறேன் என்று சொல்ல, நீங்கள் உண்ணாமல் நானும் உண்ண மாட்டேன் என்று ஸல்மான் சொல்லி அவரை உண்ண வைக்கவில்லையா? இறைவனுக்காக நோற்ற நபில் நோன்பே விருந்துக்கு வழிவிடும்போது, இடுப்பளவைக் குறைப்பதற்காக இருக்கும் பத்தியம் வழிவிடலாகாதா?

வலுவான மறுப்புத்தான். ஆனால் அந்நிகழ்ச்சியை முழுமையாகப் பார்க்க வேண்டும். ஸல்மான் அவர்கள் அபுத்தர்தாவை ஏன் உண்ண வைத்தார்கள்? இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோற்று, தம் உடலையும் மனைவியையும் அவர் மறந்திருந்தார். இறைவனுக்கு உன்மீது உரிமை உண்டு, உன் உடலுக்கும் உரிமை உண்டு, உன் குடும்பத்துக்கும் உரிமை உண்டு; ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமையைக் கொடு என்பதே அவர் கூறியதன் சாரம். நபியவர்களும் அதனை ஆமோதித்தார்கள். அன்று உடலின் உரிமை உண்பதில் இருந்தது. சர்க்கரை நோயுற்ற என் லாத்தாவின் உடலுக்குரிய உரிமையோ உண்ணாமையில் இருந்தது. ஸல்மான் அவர்கள் விருந்தின் பெயரால் காத்ததை, நான் விருந்தின் பெயரால் பறித்தேன்.

மேலும், சகோதரனின் மகிழ்ச்சி ஒரு கவளத்திலேயே நிறைவேறிவிடுகிறது. வந்ததும், உட்கார்ந்ததும், ஒரு வாய் உண்டு துஆ செய்ததும் மகிழ்ச்சிக்குப் போதும். அதற்குமேல் அளவைக் கூட்டுவதால் மகிழ்ச்சி கூடுவதில்லை. தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற அடிப்படையை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தொகுத்த நாற்பது ஹதீஸ்களில் பிள்ளைகளும் மனனம் செய்கிறார்கள். அந்த அடிப்படை நம் அடுப்பங்கரைக்கும் பொருந்துமன்றோ?

கையை எடுத்துக்கொள்வது விருந்தளிப்பவரை அவமதிப்பதாகும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் சுட்ட உடும்பிறைச்சி வைக்கப்பட்டபோது நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் இப்னுல் வலீத் (ரலி) கேட்டபோது, இல்லை, என் மக்களின் பூமியில் இது இல்லாததால் என் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். காலித் உண்டார், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உணவை இகழவுமில்லை, உண்பவரைத் தடுக்கவுமில்லை, தம்மை வற்புறுத்திக்கொள்ளவும் இல்லை. ஒரே விரிப்பில் ஒருவர் உண்பதும் மற்றவர் கையை எடுப்பதும் அமைதியாக நடந்திருக்கின்றன.

வீண் விரயமும் பெண்களின் வயிறும்

நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர்கள் பெண்கள். பிள்ளை மிச்சம் வைத்த சோறு, சட்டியின் அடியில் தங்கிய கறி, காலையில் ஊற வைத்தால் மாலையில் வீணாகிவிடும் ரொட்டி இவையெல்லாம் அவர்கள் தட்டுக்கே வருகின்றன. “வீண் விரயம் ஹராம்” என்று சொல்லியே அவற்றை உண்கிறார்கள். உண்பதையும் பருகுவதையும் அனுமதித்துவிட்டு, அதே மூச்சில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறது ‘அல்அஃராஃப்’ அத்தியாயத்தின் 31ஆம் வசனம். அவ்வரம்பு குப்பைத்தொட்டியோடு நின்றுவிடுகிறதா? பசியில்லாத வயிற்றில் போட்டதும் விரயந்தான். குப்பையில் போட்டது உணவை மட்டும் வீணாக்குகிறது. வயிற்றில் போட்டது உணவோடு உடலையும் சேர்த்து வீணாக்குகிறது. உடலோ அமானிதம்.

இதற்குப் பரிகாரம் உண்ணும் இடத்தில் இல்லை, சமைக்கும் இடத்தில் இருக்கிறது. நான்கு பேருக்கு ஆறு பேருக்கான அரிசியைப் போட்டுவிட்டு, மிஞ்சியதற்கு வீட்டுப் பெண்ணின் வயிற்றைப் பொறுப்பாக்குவது அநீதி. இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியை நாம் விருந்தாளி திடீரென்று வந்தால் மட்டும் நினைக்கிறோம். அடுப்பில் உலை வைக்கும்போதே நினைப்பது நல்லது. அப்படியும் மிஞ்சினால், பக்கத்தில் பசித்தவர் இருப்பார்.

பருத்தவரை இகழ்தல்

இவ்வளவும் சொன்னதால், பருத்த உடலைக் குற்றமாகப் பார்க்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அளவுக்கு மேல் ஊட்டிவிட்டு, பின்னர் “என்ன இப்படிப் பெருத்துட்டா!” என்று பேசுவதும் நாமேதான். பெண் பார்க்கப் போகும் இடத்தில் இப்பேச்சு எத்தனை மனங்களைக் கீறியிருக்கிறது! ஆயிஷா (ரலி) அவர்களும் நபியவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உண்டு. முதல்முறை அன்னையார் முந்தினார்கள். சில காலம் கழித்து உடல் சதைப்பிடித்திருந்தபோது மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் முந்தி, அதற்கு இது ஈடாயிற்று என்று சிரித்துச் சொன்னார்கள். தம் உடல் கனத்திருந்ததை அன்னையாரே பிறகு இயல்பாக நினைவுகூர்கிறார்கள். ஏளனம் இல்லாத வீட்டில்தான் ஒருவர் தம் உடலைப் பற்றி இப்படிப் பேச முடியும்.

மெலிந்தவரும் ஏளனத்துக்குத் தப்பியதில்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் ஒல்லியான கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அக்கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபியவர்கள் சொன்னார்கள். மனிதனின் மதிப்பை நிறுக்கும் தராசு வேறு என்பதை அறிந்துகொண்டுதான் குளியலறைத் தராசில் நாம் ஏற வேண்டும்.

நம் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை இங்கே பிறந்த எவரும் கேட்டிருப்பார்கள். ஆனி மாதந்தோறும் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழங்கள் வீசப்படும்போது, எல்லாச் சமயத்தாரின் பிள்ளைகளும் கைநீட்டி நிற்பதைக் கண்டு வளர்ந்தவன் நான். கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த அடியவருக்குப் படைத்ததில் அவ்வரலாறு தொடங்குகிறது. தசையைத் துறந்து எலும்புருவம் வேண்டிப் பெற்றதில் முடிகிறது. அண்டை வீட்டாரின் அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். பசித்தவருக்குக் கனி கொடுத்த அக்கையை என் மனம் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. தசையைத் துறப்பதில் மட்டும் நமக்கு வேறு பாடம் சொல்லப்பட்டிருக்கிறது. உடல் நமக்குப் பகையுமன்று, நமக்குச் சொந்தமுமன்று. கேட்கும்போது நல்லபடி திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். ஆகவே, படத்தில் அழகாகத் தெரிவதற்காக உடலை வாட்டுவதும் நம் நோக்கமாக முடியாது.

விரிப்பின் மேல் செய்யத் தக்கவை

இனி, அன்றாடம் என்ன செய்யலாம்? மருத்துவ ஆய்வுகள் சொல்பவற்றில் எனக்கு விளங்கியவற்றை, நம் வழக்கத்தோடு பொருத்திச் சொல்கிறேன்.

இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்தி உண்டால் எடை குறையும் என்பது நம்மிடையே பரவிய நம்பிக்கை. முன்னே சொன்ன ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வெளிவந்த கட்டுரை, இந்தியர் உணவின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்டாலும், மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாவிட்டால் பலன் காண்பதில்லை. அதில் ஒரு பகுதியைக் குறைத்துப் பருப்பு, பயறு, தயிர் போன்றவற்றிலுள்ள புரதத்தைக் கூட்டினால்தான் பலன் உண்டு என்கிறது. ஆகவே நான்கு சப்பாத்தி, சோற்றுக்குத் தப்பும் வழியாகாது. சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் காய்கறியும் பருப்பும் நம் கடலில் கிடைக்கும் மீனைக் குழம்பிலிட்டும் உண்பதே வழி.

நெய்யும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாமல் எடை சேர்ப்பவை. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. சோற்றின்மேல் அன்போடு ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. அதைச் செலவழிக்க, அரசலாறு கடலில் சேரும் கடற்கரைச் சாலையில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும். ஊற்றுபவர் நடக்கப் போவதில்லை என்பதை நினைவில் வைத்தால் கை தானே சுருங்கும்.

ரமலானில் இளைத்துவிடலாம் என்று எண்ணுகிறோம். அம்மாதத்தில் குறையும் எடை சிறிதே என்றும், அதுவும் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது என்றும் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதன் பக்கத்தில் வந்து உட்காரும் எண்ணெய்ப் பலகாரங்களே மாதத்தின் பயனைத் தின்றுவிடுகின்றன. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது கடமை.

சஹன் நம் மரபின் அழகு. தனக்கு முன்னால் உள்ளதிலிருந்து உண்ணும்படி ஒரு சிறுவருக்கு நபியவர்கள் கற்பித்தது, பொதுப் பாத்திரத்தில் உண்ணும்போதுதான். அப்படிப் பார்த்தால் சஹன் அளவைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம். அதில் முதலில் குறைவாக வைத்து, வேண்டியவர் கேட்டு வாங்கும்படி விட்டால் போதும். வயிறு நிறைந்ததை மூளை உணரச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பார்கள். அந்த 20 நிமிடத்தைப் பேச்சுக்குக் கொடுக்கலாம். மறுசோற்றுக்குக் கொடுக்க வேண்டாம்.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. பத்தியம் இருப்பவர் அதை விரிப்பின்மேல் அறிவித்து, உண்பவர்களின் கவளங்களைக் கணக்கிடலாகாது. முன்கூட்டியே வீட்டாரிடம் மெல்லச் சொல்லிவிட வேண்டும். வைத்ததைக் குறை கூறாமல், ஒரு வாய் உண்டு, வாய்நிறையப் பாராட்டி, துஆ செய்ய வேண்டும்.

எடை குறைக்கும் ஊசிமருந்துகள் 2025இல் நம் நாட்டுச் சந்தையில் பரவலாக வந்துள்ளன. மருத்துவர் தேவையென்று கண்டவருக்கு அவை பயன்படலாம். அவை பசியை அடக்கும். “முகம் வாடுதே” என்று லாத்தா சொன்னாரே, அந்த வாட்டத்துக்கு ஊசி கிடையாது. அதை அடக்க வேண்டியவர்கள் முகத்துக்குரிய நாமே.

நீட்டிய அகப்பை

சென்ற பெருநாளன்று லாத்தாவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய்க்கு வந்த வயதுக்கு முன்பே அவளுக்கும் சர்க்கரை வந்துவிட்டது. சிறிது நெய்ச்சோறும் நிறையக் கத்தரிக்காயும் உண்டபின், தட்டின்மேல் கையைக் கவிழ்த்து, “போதும் மாமி” என்றாள். என் மனைவியின் கையில் அகப்பை நீண்டிருந்தது. பழக்கத்தால் என் வாயிலும் அந்தச் சொல் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். மனைவி அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு, “சரிம்மா, கை கழுவிட்டு வா, பேசிக்கிட்டு இருப்போம்” என்றாள். அவள் அசர் வரை இருந்தாள். தன் தாயைப் பற்றி அன்று நெடுநேரம் பேசினாள்.

உண்பவரின் கையையும் ஊட்டுபவரின் கையையும் அளவறிந்து நடத்த வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! அன்பின் பெயரால் நாம் அறியாமல் செய்த தீங்குகளை மன்னிப்பானாக! ஆமீன்.